ஒரு தட்டு என்றால் நில்

ஜனவரி 18, ஞாயிறு

இது ஒயர் கடையில் அப்பாவுக்குச் சும்மா கொடுத்த டைரி. அவர் ஒரே ஒரு பக்கத்தில் "பெரிய ஹோல்டர் பார்க்கணும்" என்று எழுதிவிட்டு அலமாரியில் போட்டுவிட்டார். தினமும் எழுதினால் நடை திருந்தும் என்று தமிழ் மிஸ் சொன்னதால் நான் எடுத்துக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்பில் கட்டுரைக்கு நான்தான் முதல். ஆனாலும் போன தடவை என் தாளில், "சுடர்விழி, வர்ணனை அதிகம், செய்தி குறைவு" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். ஆகவே இதில் செய்தி மட்டும்தான்.

செய்தி: நாங்கள் வண்டி வாங்கப் போகிறோம்.

அப்பா கோயில் நோம்பிகளுக்கும் (எங்கள் பக்கம் திருவிழாவுக்கு அந்தப் பெயர்தான்) கல்யாணங்களுக்கும் லைட் கட்டுகிறவர். அம்மா சீரியல் பல்புகளைக் கோத்து, செத்ததை மாற்றிக் கொடுப்பாள். எங்களிடம் பெரிதாக இருப்பது ஒரு ஜெனரேட்டர்தான். அது இரண்டு சக்கர டிரெய்லர் மேல் உட்கார்ந்திருக்கிறது. இத்தனை நாளும் பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் அதை இழுத்துப் போனது. போன வாரம் டிராக்டரை விற்றுவிட்டார்கள். பிப்ரவரியில் கரட்டுப்பாளையம் மாகாளியம்மன் நோம்பி. முதல் தடவையாக முழு நோம்பியையும் அப்பாவிடம் விட்டிருக்கிறார்கள். அதற்குள் சொந்த வண்டி வேண்டும். புது வண்டி நினைத்தும் பார்க்க முடியாது, பழைய பிக்கப்தான்.

அப்பாவுக்கு ஒரே நிபந்தனை: இழுவை. கரட்டு மேட்டில் ஜெனரேட்டரோடு ஏற வேண்டும்.

அம்மாவின் நிபந்தனை: "எனக்கும் புள்ளைக்கும் கதவு வெச்ச எடத்துல சீட்டு வேணும். டிராக்டர் மட்கார்டுல உக்காந்து என்ற இடுப்பே போச்சு."

எனக்கும் ஒரு நிபந்தனை உண்டு. முன்கண்ணாடியில் மேலே பிள்ளைகளின் பெயரை ஒட்டுவார்களே, அது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரி 21, புதன்

பள்ளி விட்டதும் முதல் வண்டி பார்த்தோம். புரோக்கர் குணசேகரன் அண்ணன், "ஒரு டாக்டர் வெச்சிருந்த வண்டிங்க" என்றார்.

"டாக்டருக்கு எதுக்குங்க பிக்கப்பு? பேஷண்ட்டை அள்ளிட்டுப் போகவா?" என்று அப்பா கேட்டார்.

என்னிடம் ஒரு காந்தம் இருக்கிறது. பெயிண்டுக்கு அடியில் தகடு இருந்தால் ஒட்டும், அடிபட்ட இடத்தைப் பட்டி பூசி மறைத்திருந்தால் வழுக்கும். டாக்டர் வண்டியின் இடது பக்கம் முழுக்க வழுக்கிக்கொண்டே போய் மண்ணில் விழுந்தது.

"பாப்பாவைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பியிருக்கலாமுங்க" என்றார் புரோக்கர்.

ஜனவரி 25, ஞாயிறு

இரண்டாவது வண்டி. பின்சீட்டும் உள்ள இரட்டைக் கேபின், நல்ல இழுவை. ஆனால் மீன் ஏற்றிய வண்டி. அப்பா அடியில் படுத்து சேஸ் சட்டத்தை விரலால் குத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. உப்புத் தண்ணீர் தின்றிருக்கிறது. அம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு தூரத்திலேயே நின்றாள். "இதுல ஏறி நோம்பிக்குப் போனா சாமியே எந்திரிச்சுப் போயிரும்."

ஜனவரி 26, திங்கள்

பள்ளியில் குடியரசு தினக் கொடியேற்றம் முடிந்து மிட்டாயோடு வந்தேன். மூவரும் புரோக்கர் அண்ணன் காரில் உடுமலை தாண்டி ஒரு தென்னந்தோப்புக்குப் போனோம்.

உரிமையாளர் பெயர் வெள்ளியங்கிரி. அப்பா வயதுதான் இருக்கும், முடி மட்டும் முழுக்க வெளுத்திருந்தது. கொட்டகையில் தார்ப்பாயை விலக்கினார். வெள்ளை நிற இரட்டைக் கேபின் பிக்கப். காந்தம் வைத்த இடத்திலெல்லாம் ஒட்டியது. அப்பா அடியில் போய்விட்டு எழுந்து வரும்போது அவர் முகம், சீரியல் செட் முதல் தடவையிலேயே எரிந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பின்னால் கொக்கிகூடப் போட்டிருந்தது.

"மக்காச்சோளம் அடிக்கற மெஷினு வெச்சிருந்தனுங்க. அதை இழுக்க நானே போட்டது" என்றார் வெள்ளியங்கிரி மாமா.

அம்மா பின்சீட்டுக் கதவைத் திறந்து மூடினாள். பிறகு மறுபடி திறந்து மூடினாள். அம்மாவுக்கு ஒரு பொருள் பிடித்துவிட்டால் அப்படித்தான்.

ஓட்டிக் காட்டச் சொன்னோம். அவர் கொட்டகையிலிருந்து நேராக வெளியே வந்து, தோப்பை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி, கொட்டகையின் பின்பக்கமாக உள்ளே நுழைந்து நின்றார். தென்னை மரங்களுக்கு வெளியே அந்தச் சுற்று, வண்டிச் சக்கரம் பட்டுப் பட்டு வாய்க்கால் மாதிரி இறங்கியிருந்தது. கொட்டகைக்குப் பின்சுவர் இல்லை. இடித்த செங்கல் ஓரமாக அடுக்கியிருந்தது.

நான், "ஏனுங்க மாமா, ரிவர்ஸ் கியர் வேலை செய்யாதுங்களா?" என்று கேட்டேன்.

புரோக்கர் அண்ணன் போனை எடுத்துப் பார்த்தார், அது அடிக்கவில்லை.

"வேலை செய்யும் கண்ணு" என்றார் வெள்ளியங்கிரி மாமா. அப்பா ஏறிப் போட்டுப் பார்த்தார். நன்றாகவே வேலை செய்தது.

பிறகு அவர் அப்பாவிடம், "ஜெனரேட்டரைப் பின்னால எடுக்கறப்ப ஆரு நிப்பா?" என்று கேட்டார்.

இதை விளக்க வேண்டும். டிரெய்லரோடு பின்னால் வரும்போது டிரைவருக்கு ஒன்றும் தெரியாது. ஒருவர் வண்டியின் பின்மூலையில் நின்று தகட்டில் தட்ட வேண்டும். இரண்டு தட்டு என்றால் போகலாம். ஒரு தட்டு என்றால் நில். பஸ் கண்டக்டர் விசிலுக்கும் இதே கணக்குதான். கத்தினால் எஞ்சின் சத்தத்தில் கேட்காது; தட்டினால் தகடு வழியாக டிரைவர் முதுகுக்கே போய்விடும். திடப்பொருளில் ஒலி வேகமாகப் பயணிக்கும் என்று எங்கள் அறிவியல் பாடத்திலும் இருக்கிறது.

"என்ற பொண்ணுதானுங்க" என்றார் அப்பா, பெருமையாக. "ஏழாவது படிக்கறப்ப இருந்து அவதான். டிராக்டருக்கே நின்னவ."

வெள்ளியங்கிரி மாமா என்னைப் பார்த்தார். என் முகத்தை அல்ல, உயரத்தை. "பாப்பாவை நிக்க வெக்காதீங்க. வேற ஆரையாச்சும் வெச்சுக்கோங்க."

"சரிங்க" என்றார் அப்பா. கல்யாண வீட்டில், 'இன்னொரு வாய் சாப்பிடுங்க' என்றால் சொல்வாரே, அந்தச் சரிங்க.

நோம்பி முடியும் வரை வைத்து ஓட்டிப் பார்க்கட்டும், பிடித்தால் முடித்துக்கொள்ளலாம் என்று மாமா சாவியைக் கொடுத்துவிட்டார். விலையும் குறைவுதான். நாங்கள் கிளம்பும்போது வீட்டின் சன்னலில் ஓர் அம்மா நின்றிருந்தார். வண்டி வாசலைத் தாண்டியதும் சன்னலைச் சாத்திக்கொண்டார்.

ஜனவரி 27, செவ்வாய்

காலையில் நல்ல பனி. பல் தேய்த்துக்கொண்டே வண்டியைப் பார்க்கப் போனேன். முன்கண்ணாடி முழுக்கப் பனி பூத்திருந்தது. மேலே, நடுவில், பனி பிடிக்காமல் ஒரு பெயர் தெளிவாக இருந்தது.

இலக்கியா.

பழைய ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். பசை ஊறிய இடத்தில் பனி வேறு மாதிரி படியும். கண்ணாடியில் சோப்பால் எழுதித் துடைத்தாலும் இப்படித் தெரியும். நானே செய்து பார்த்திருக்கிறேன். ஆகவே இது அறிவியல்.

எவ்வளவு நல்ல பெயர். எனக்கு வைத்திருக்கலாம்.

துணியால் அழுத்தித் துடைத்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது மறுபடி பனி பூத்து, பெயரும் இருந்தது. இதுவும் அறிவியல்தான்.

ஜனவரி 28, புதன்

இன்றும் இருந்தது. கணக்குத் தேர்வு சுமார்.

ஜனவரி 30, வெள்ளி

சாயங்காலம் ஜெனரேட்டரை மாட்டிப் பழகினோம். எங்கள் வாசல் குறுகல். முன்னால் போகும்போது டிரெய்லர் நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வரும். பின்னால் போனால் எருமை மாதிரி எதிர்ப்பக்கம் திரும்பும். நான் மூலையில் நின்று "லெஃப்ட்ல ஒடிங்கப்பா, இன்னும் ஒடிங்க" என்று சொல்லிக்கொண்டே இரண்டிரண்டாகத் தட்டினேன். (வேறு யாரை வைப்பது? அப்பாவுக்குக் கைவேலைக்கு ஒத்தாசையாக வருகிற ரங்கன் மாமாவுக்குக் கண் சரியாகத் தெரியாது.)

முருங்கை மரம் நெருங்கியது. ஒரு தட்டு தட்டக் கையைத் தூக்கினேன். அதற்குள் அப்பா நிறுத்திவிட்டார்.

"நல்ல நேரத்துல தட்டுன அம்மிணி. அந்தப் பக்கம் கொம்பு இருந்தது எனக்குத் தெரியவே இல்ல."

நான் இன்னும் தட்டவில்லை என்றேன். அப்பா சிரித்தார். "பின்ன முருங்கை மரமா தட்டுச்சு?"

என் கை அப்போதும் தூக்கியபடியே இருந்தது.

ஜனவரி 31, சனி

சத்தத்துக்குக் காரணம் கண்டுபிடிக்கச் சோதனை செய்தேன்.

டிரெய்லரின் சங்கிலி தகட்டில் பட்டிருக்கலாம். சங்கிலியைத் துணி சுற்றிக் கட்டிவிட்டு அப்பாவைப் பின்னால் வரச் சொன்னேன். மறுபடி அவர் நின்றார். பார்த்தால் சக்கரத்தின் பின்னால் என் சைக்கிள் கிடந்தது. பின்கதவு தளர்ந்திருக்கலாம் என்று அதையும் கயிறு போட்டு இறுக்கினோம். அப்போது ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அப்போது பின்னாலும் ஒன்றும் இல்லை.

நான் வெளியே நிற்கும்போது எனக்கு எதுவும் கேட்பதில்லை. உள்ளே இருக்கிற அப்பாவுக்குத்தான் கேட்கிறது. திடப்பொருள் வழியாக வருவதால் இருக்கலாம்.

இன்னொன்றும் பார்த்தேன். இடது பின்மூலையில், நான் தட்டுகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் தேய்ந்து தகடு பளபளவென்று தெரிகிறது. நாங்கள் வண்டி கொண்டுவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. என் கையை வைத்துப் பார்த்தேன். குனியவும் வேண்டியதில்லை, எட்டவும் வேண்டியதில்லை.

இலக்கியாவும் என் உயரம்தான்.

எனக்குப் பயமில்லை. வாசல் விளக்கைப் போட்டு வைத்தது நாளைக்குக் கோலத்துக்கு இடம் பார்க்க.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். ஜெனரேட்டரைக் கழற்றிவிட்டு, வண்டியிலேயே குடும்பமாகக் கோயிலுக்குப் போனோம். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். தக்காளி சாதம் டப்பா, தண்ணீர்க் குடம், பாய் எல்லாம் ஏற்றினாள். "இது வண்டி இல்லீங்க, வீடு" என்று மூன்று பேரிடமாவது சொல்லியிருப்பாள்.

திரும்பும்போது நான் முன்னால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா பின்சீட்டில் கால் நீட்டித் தூங்கிவிட்டாள். வழியில் தூக்கத்திலேயே, "கொஞ்சம் தள்ளி உக்காரு கண்ணு" என்றாள்.

அப்பா கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார்.

தமிழ் மிஸ் சொன்ன மாதிரி செய்தியை மட்டும் எழுதுகிறேன்.

பிப்ரவரி 4, புதன்

இன்று எல்லாம் தெரிந்துவிட்டது.

அம்மாவின் சித்தி ஒருவர் அந்தத் தோப்புக்குப் பக்கத்து ஊரில் இருக்கிறார். நோம்பிக்கு அழைக்க அம்மா அவருக்கு போன் செய்தாள். வண்டியைப் பற்றிப் பெருமையாக ஆரம்பித்தாள். பாதியில் அம்மாவின் பேச்சு நின்றுபோனது. வெறும் "ம்" மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

இலக்கியா வெள்ளியங்கிரி மாமாவின் ஒரே பெண். லீவு நாட்களில் அவரோடு சோள மெஷினுக்குப் போவாள். பின்னால் நின்று தட்டுகிற வேலை அவளுடையது. போன வருஷம் ஒரு காட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொன்னார்கள். நாலடிக்கு எதுக்கு மெஷினை அணைக்கறது என்று அப்படியே பின்னால் எடுத்தார். மெஷின் மடிந்து திரும்பி, வண்டி மூலைக்கும் அதற்கும் நடுவே அவள் மாட்டிக்கொண்டாள். மெஷின் சத்தத்திலும் அதிர்விலும் அவருக்கு எந்தத் தட்டும் கேட்கவில்லை. அவள் தட்டினாளா என்பதே யாருக்கும் தெரியாது. அந்த ஒன்றைத்தான் அவர் ஊரில் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே திரிந்தாராம், சத்தம் கேட்டுதா, ஆராச்சும் கேட்டீங்களா என்று.

அப்பா வந்ததும் சண்டை.

"இன்னிக்கே கொண்டுபோய் விட்டுட்டு வாங்க. அந்தப் புரோக்கருக்குத் தெரியாமயா இருக்கும்?"

"நோம்பி ஞாயித்துக்கிழமை. இப்ப விட்டா, ஜெனரேட்டரை நானும் நீயும் தோள்ல தூக்கிட்டுப் போறதா?"

"அந்தப் பொண்ணு செத்த எடத்துல என்ற புள்ளை நிக்குது. அதே மூலையில."

"வண்டி என்ன பண்ணுச்சு? அது தகடு."

"தகடுன்னா எதுக்கு அன்னிக்குக் கண்ணாடில பின்னால பாத்தீங்க?"

அம்மா தூங்கவில்லை போலிருக்கிறது. அல்லது அப்புறம் விழித்திருக்கிறாள்.

முடிவு: நோம்பி முடிந்ததும் வண்டியைத் திருப்பிக் கொடுப்பது. அதுவரை நான் பின்னால் நிற்கக் கூடாது. அப்பா என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். அம்மா அப்போதே வெள்ளியங்கிரி மாமாவுக்கு போன் போட்டு, வண்டி வேண்டாம், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். அவர் ஏன் என்று கேட்கவில்லையாம்.

பிப்ரவரி 5, வியாழன்

காலையில் பனி. நான் கண்ணாடியைத் துடைக்கவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

நோம்பி நன்றாக நடந்தது. லைட் எல்லாம் எரிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. முழங்கையில் சிராய்ப்பு. தூக்கம் வருகிறது.

பிப்ரவரி 9, திங்கள்

பள்ளிக்குப் போகவில்லை. அம்மா போகவிடவில்லை. என் கையைப் பிடித்தபடியேதான் வீட்டு வேலையெல்லாம் செய்கிறாள். ஒற்றைக் கையால் அரிசி களைவதை இன்றுதான் பார்த்தேன்.

நேற்று நடந்ததை எழுதுகிறேன். மத்தியானம், உச்சி வெயில். பூசாரி மைக்கில் அம்மன் அழைப்புப் பாடிக்கொண்டிருந்தார். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது நிர்வாகி ஒருவர் ஓடிவந்து, தேர் திரும்ப இடம் போதவில்லை, வண்டியைக் கொஞ்சம் தள்ளுங்கள் என்றார்.

"அணைச்சுட்டுத் தள்ளறனுங்க" என்றார் அப்பா.

"அழைப்பு நடுவுல மைக்கு நிக்கலாமுங்களா? சாமி வர்ற நேரம். நாலடிதானுங்க, அப்படியே தள்ளுங்க."

ரங்கன் மாமா டீ குடிக்கப் போயிருந்தார். அம்மா அந்தக் கோடியில் பல்பு மாற்றிக்கொண்டிருந்தாள். அப்பா சுற்றிலும் பார்த்தார். என்னையும் பார்த்தார். "அம்மிணி, ஒரே நிமிசம்" என்றார்.

அப்பாவைக் குறை சொல்லி எழுதவில்லை. நானே மூலைக்குப் போய்விட்டேன், அவர் கூப்பிடும் முன்பே.

இரண்டு தட்டினேன். பின்னால் வந்தார். என் காலடியில் கேபிள் சுருள் கிடந்தது. நான் அதற்குள்தான் நின்றிருந்தேன். டிரெய்லர் நகர, சுருள் இறுகியது. காலை எடுக்கவே முடியவில்லை. விழுந்து முழங்கையை ஊன்றி எழுந்தேன். டிரெய்லர் எருமை மாதிரி என் பக்கம் மடிந்து வந்தது. நான் இரண்டு கையாலும் அதைத் தள்ளினேன். ஜெனரேட்டரை ஒரு பெண்ணால் தள்ளி நிறுத்த முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கை அதைத்தான் செய்தது. கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. முதுகில் வண்டியின் மூலை பட்டது. தேய்ந்த இடம். வெயிலில் எல்லாத் தகடும் கொதிக்கும், அது குளிர்ந்திருந்தது.

வண்டி நின்றது.

அப்பா இறங்கி ஓடிவந்தார். கேபிள் சுருளை இழுத்துத் தளர்த்தி என் காலை எடுத்தார். என் கணுக்காலைத் தடவிப் பார்த்தார். பிறகு, "தட்டுன பாரு ஒரு தட்டு. சீட்டே அதிர்ந்துச்சு. அத்தன சத்தத்துலயும் கேட்டுச்சு" என்றார்.

நான் இரண்டு கையையும் காட்டினேன். டிரெய்லரின் கிரீஸ் மணிக்கட்டு வரை இருந்தது. அப்பா போய் அந்த மூலையைப் பார்த்தார். ஒரு பொட்டுக் கருப்பு இல்லாமல் பளபளவென்று இருந்தது.

அப்பா அங்கேயே சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மைக்கில் அழைப்பு நிற்கவே இல்லை.

பிப்ரவரி 11, புதன்

வெள்ளியங்கிரி மாமா வண்டியை எடுத்துப்போக பஸ்ஸில் வந்தார். அம்மா காபி கொடுத்தாள். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். என் முழங்கைக் கட்டைப் பார்த்தார்.

"நிக்க வெக்காதீங்கன்னு சொன்னனேங்க" என்றார், மெதுவாக.

அப்பா தலை குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னார். முருங்கை மரம், சைக்கிள், அழைப்பு நடந்த மத்தியானம். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எத்தன தட்டுங்க?"

"ஒண்ணுங்க."

"ஜெனரேட்டரு ஓடிட்டிருந்துச்சா?"

"ஓடிட்டிருந்துச்சுங்க. அத்தன சத்தத்துலயும் கேட்டுச்சுங்க."

அவர் முகம் எப்படி மாறியது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. "அப்ப அவ அன்னிக்கும் தட்டியிருக்கறா" என்றார். எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை. "நாந்தான் கேக்கல."

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். "ஒரே ஒருக்கா பின்னால எடுத்துப் பாக்கறனுங்க."

எங்கள் வாசலிலிருந்து பின்சுவர் வரை வண்டி போகும் சந்து இருக்கிறது. அப்பாவே அதில் பின்னால் எடுக்கத் தயங்குவார். வெள்ளியங்கிரி மாமா அப்பாவையும் அம்மாவையும் வண்டிக்கு முன்னால், தன் கண்ணெதிரில் நிற்கச் சொன்னார். என்னைப் பார்த்து, "நீ உள்ள வந்து உக்காரு கண்ணு. எனக்குத் தெரியற மாதிரி" என்றார். அம்மா என் கையை விடவில்லை. பிறகு விட்டாள்.

நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். முன்கண்ணாடி வழியாக அப்பா, அம்மா இருவரும் தெரிந்தார்கள். பின்னால் சந்து காலியாக இருந்தது. அவர் ரிவர்ஸ் போட்டார். கால் பிரேக்கிலேயே இருந்தது. எஞ்சின் உறுமிக்கொண்டே நின்றது. அவரால் முடியாது, இறங்கிவிடுவார் என்று நினைத்தேன்.

என் முதுகுக்குப் பின்னால் இரண்டு தட்டு.

அழுத்தமாக இல்லை. வேலை தெரிந்த கை. இத்தனை நாளும் அப்பாவுக்குக் கேட்டது எனக்கு முதல் தடவையாகக் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் என்று இப்போதும் தெரியவில்லை.

அவர் பிரேக்கை விட்டார். வண்டி பின்னால் போனது. சந்தின் இரண்டு சுவரும் இரண்டு பக்கமும் நழுவின. மறுபடி இரண்டு தட்டு. அவர் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடியிருந்தார் என்று நினைக்கிறேன்.

பிறகு ஒரு தட்டு.

நின்றார்.

நான் இறங்கிப் பின்னால் ஓடினேன். பின்சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் என் கை மட்டும்தான் நுழைந்தது. ஒரு ஆள் நிற்க அங்கே இடமே இல்லை.

வெள்ளியங்கிரி மாமா ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதார். அம்மாவுக்கு வெளியே ஒன்றும் கேட்கவில்லையாம். ஆனாலும் அவள் போய்க் கதவைத் திறந்து, "அண்ணா, இறங்குங்க, சாப்புட்டுட்டுப் போலாம்" என்றாள். இலை போட்டபோது வண்டியைப் பற்றி அம்மாவே பேச்செடுத்தாள்.

"வண்டி இங்கயே இருக்கட்டுமுங்க" என்றாள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

வண்டியைப் பேர் மாற்றும் வேலைக்கு வெள்ளிக்கிழமையே அப்பா ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் வந்தார். வெள்ளியங்கிரி மாமா கொட்டகைக்குப் பின்சுவர் கட்டுகிறாராம். அம்மாவின் சித்தி போனில் சொன்னார்.

சாயங்காலம் ஸ்டிக்கர் கடைக்குப் போனோம். என் நிபந்தனை அம்மாவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எத்தன பேருங்க?" என்று கேட்டார்.

"ஒ..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"ரெண்டு" என்றாள் அம்மா. "இலக்கியாவோட அம்மாகிட்டக் கேட்டுட்டேன். மூத்தவ பேரு மேல வரட்டும். பழைய தடம் தெரியும் பாருங்க, அது மேலயே ஒட்டுங்க."

கடைக்காரர் கண்ணாடியில் வாயால் ஊதினார். தடம் தெரிந்தது.

பிப்ரவரி 16, திங்கள்

காலையில் பனி. இரண்டு பெயரும் ஈரமாக இருந்தன.

என்னைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே திருப்பூர் போவதாக இருந்தது. அப்பா வண்டியில் ஏறினார். அம்மா முன்சீட்டில், நான் பின்சீட்டில், ஓரமாகத் தள்ளி. சந்திலிருந்து முன்னால் வந்து, தெருவில் பின்பக்கமாகத் திருப்ப வேண்டும். அங்கே எப்போதும் கோழி, சைக்கிள், பக்கத்து வீட்டுக் குழந்தை என்று ஏதாவது இருக்கும்.

அப்பா ரிவர்ஸ் போட்டுவிட்டு இரண்டு தட்டுக்காகக் காத்திருந்தார். யாரும் யாரையும் இறங்கிப் பின்னால் போய் நில் என்று சொல்லவில்லை.